ரிச்சர்ட் பிரான்சிஸ் ட்ரெவிதிக்

ரிச்சர்ட் பிரான்சிஸ் ட்ரெவிதிக் (1845–1913) ஜப்பான் அரசு ரயில்வேயில் பணியாற்றிய ஆங்கிலேய எந்திரப் பொறியாளர் ஆவார். விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலத்தில் தாய்நாட்டை விட்டுக் கடல் கடந்து சென்று ரயில் வேலை பார்த்த பிரித்தானியப் பொறியாளர்களுள் இவரும் ஒருவர். 1888 முதல் 1904 வரை ஜப்பானின் கோபே நகரில் இருந்த அரசு ரயில் பணிமனையில் எந்திரப் பிரிவின் பொறுப்பை வகித்தார். 1893ஆம் ஆண்டு இவரது வடிவமைப்பில், ஜப்பானியத் தொழிலாளர்களின் கைகளால், அந்நாட்டில் கட்டப்பட்ட முதல் ரயில் எஞ்சின் உருவானது. உலகில் முதன்முதலாக நீராவி எஞ்சினைத் தண்டவாளத்தில் ஓடவிட்ட ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் பேரன் இவர்.

இவருடைய பணியின் சிறப்பை அந்த ஓர் எஞ்சினைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது. தான் இல்லாமலேயே வேலை நடக்கும் அளவுக்குப் பிறரைத் தேர்ச்சி பெறச் செய்வதே ஜப்பானில் இவர் போன்றோரிடம் எதிர்பார்க்கப்பட்ட கடமை. தம் பதவியைத் தாமே தேவையற்றதாக ஆக்கிக்கொள்ள வேண்டிய அந்த விந்தையான கடமையை இவர் எவ்வாறு நிறைவேற்றினார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குடும்பப் பின்னணி

பாட்டனார் ரிச்சர்ட் ட்ரெவிதிக் (1771–1833) இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த சுரங்கப் பொறியாளர். 1804 பிப்ரவரி 21 அன்று வேல்சு நாட்டின் பெனிடாரன் இரும்பாலைப் பாதையில் அவருடைய நீராவி எஞ்சின் 10 டன் இரும்பையும் சுமார் 70 ஆட்களையும் இழுத்துச் சென்றது. எஞ்சின் நன்றாகவே ஓடியது. ஆனால் அக்காலத்து வார்ப்பிரும்புத் தண்டவாளங்களால் அதன் எடையைத் தாங்க முடியவில்லை; அவை உடைந்தன.

1816இல் பாட்டனார் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்குப் பயணமானார். அங்குள்ள செரோ டி பாஸ்கோ வெள்ளிச் சுரங்கங்களில் நீரை இறைக்க அவர் செய்த எஞ்சின்கள் முன்பே அனுப்பப்பட்டிருந்தன. பெருவின் விடுதலைப் போர் மூண்டபோது அந்த எந்திரங்கள் சேதமடைந்தன. பத்தாண்டுகளுக்கு மேல் அலைந்து, 1827இல் அவர் வெறுங்கையுடன் ஊர் திரும்பினார். வழியில் கார்தகேனா துறைமுகத்தில் தற்செயலாகச் சந்தித்த இளைஞர் ராபர்ட் ஸ்டீவன்சன்தான் கப்பல் செலவுக்கு 50 பவுண்டு கொடுத்து உதவினார். கடைசியில் கையில் பணமின்றியே பாட்டனார் இறந்தார்.

தந்தை பிரான்சிஸ் ட்ரெவிதிக் (1812–1877), இங்கிலாந்தின் மிகப்பெரிய ரயில் நிறுவனங்களுள் ஒன்றான லண்டன் மற்றும் வடமேற்கு ரயில்வேயின் வடக்குப் பிரிவுக்கு முதல் எஞ்சின் கண்காணிப்பாளராக இருந்தார். அவரது தலைமையிடம் குரூ நகரப் பணிமனை. 1857இல் அவர் அப்பதவியிலிருந்து விலக நேர்ந்தது. பின்னர் தம் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1872இல் வெளியிட்டார்.

இக்குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையில் பலரும் ரயில் பொறியாளர்களே. இளையவரான பிரான்சிஸ் ஹென்றி ட்ரெவிதிக் (1850–1931) அண்ணனுக்கு முன்பே, 1876இல், ஜப்பானுக்கு வந்துவிட்டார். மற்றொரு சகோதரரான பிரெடரிக் ஹார்வி ட்ரெவிதிக் எகிப்து அரசு ரயில்வேயில் பணியாற்றினார்.

ஜப்பானில் ரயிலின் வருகை

ஜப்பானியர்களுக்கு நீராவி எந்திரம் முற்றிலும் அறியாத பொருள் அன்று. 1853இல் நாகசாகிக்கு வந்த ரஷ்யக் கப்பலில் ஒரு சிறிய மாதிரி எஞ்சின் ஓடிக்காட்டப்பட்டது. அதைக் கண்ட சாகா சிற்றரசின் கைவினைஞர்கள் 1855இல் தாங்களே ஒரு மாதிரி எஞ்சினைச் செய்து ஓட்டினர். எனினும் விளையாட்டுப் பொருள் அளவிலான மாதிரிக்கும், பயணிகளை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் ஓடும் எஞ்சினுக்கும் இடையே நெடுந்தொலைவு இருந்தது.

1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சி அந்தத் தொலைவை விரைவாகக் கடக்க விரும்பியது. வெளிநாட்டு வல்லுநர்களைச் சம்பளத்துக்கு அமர்த்துவது, அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வது, கற்று முடித்ததும் அனுப்பிவிடுவது என்பதே அதன் கொள்கை. இவ்வாறு அமர்த்தப்பட்டவர்களை ஜப்பானியர் ‘ஓயாதோய் கைகொக்குஜின்’ என்று அழைத்தனர். ‘கூலிக்கு அமர்த்தப்பட்ட வெளிநாட்டவர்’ என்பது இதன் பொருள்.

முதல் தலைமைப் பொறியாளராக 1870இல் வந்தவர் எட்மண்ட் மோரல். தண்டவாளத்தின் கீழ் இடும் கட்டைகளுக்கு இங்கிலாந்திலிருந்து இரும்பை வரவழைக்க வேண்டாம், உள்நாட்டு மரத்தையே பயன்படுத்தலாம் என்று அறிவுரை கூறியவர் அவரே. பாதை திறக்கப்படும் முன்பே, 1871 நவம்பரில், தமது 30ஆம் வயதில் அவர் இறந்தார். 1872 அக்டோபர் 14 அன்று தோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே 29 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாதை மெய்ஜி பேரரசர் முன்னிலையில் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1,067 மில்லிமீட்டர். எஞ்சின்கள் பத்தும் பிரிட்டனிலிருந்து வந்தவை. அவற்றை ஓட்டியவர்களும் வெளிநாட்டவரே.

மேற்குப் பகுதியில் ஓசாகா–கோபே பாதை 1874இல் திறக்கப்பட்டது. பிரிட்டனிலிருந்து வரும் எந்திரங்களை இறக்குவதற்குக் கோபே துறைமுகம் வசதியாக இருந்ததால், அங்கு அமைந்த பணிமனை விரைவில் வளர்ந்தது.

வெளிநாட்டவரும் செலவும்

1870களின் நடுப்பகுதியில் ரயில்வேயில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் பணியில் இருந்தனர். இவர்களுக்கான செலவு அரசுக்குப் பெரும் சுமையாக இருந்தது. ரயில்வே இயக்குநராக இருந்த வில்லியம் கார்கில் என்பவரின் மாதச் சம்பளம் 2,000 யென். அக்காலத்தில் நாட்டின் மிக உயர்ந்த அமைச்சர் பெற்றதோ 800 யென்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் இனோவே மசாரு (1843–1910). வெளிநாடு செல்வது சட்டப்படி குற்றமாக இருந்த காலத்தில், 1863இல், மறைவாகக் கப்பலேறி லண்டன் சென்று படித்த ஐவருள் அவர் ஒருவர். ரயில்வேயின் தலைவரான அவர் 1877இல் ஓசாகா ரயில் நிலையத்திலேயே பொறியியல் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1879இல் ஷிம்பாஷி–யோகோஹாமா பாதையில் ஜப்பானிய ஓட்டுநர்கள் எஞ்சினை இயக்கத் தொடங்கினர். 1880இல் கியோத்தோவுக்கும் ஓட்சுவுக்கும் இடையே மலையைக் குடைந்து 665 மீட்டர் சுரங்கப்பாதை அமைக்கப்பட்டது. அதை வெட்டி முடித்தவர்கள் ஜப்பானியர்களே.

பாதை அமைத்தல், பாலம் கட்டுதல், வண்டி ஓட்டுதல் ஆகிய ஒவ்வொன்றும் இவ்வாறு உள்நாட்டவர் கைக்கு வந்தது. கடைசிவரை வராமல் நின்றது ஒன்றே ஒன்று, அதுதான் எஞ்சின் கட்டுதல்.

கோபே பணிமனை

1888இல் ட்ரெவிதிக் கோபேக்கு வந்தபோது அப்பணிமனை வெறும் பழுதுபார்க்கும் கொட்டகையாக இருக்கவில்லை. அவருக்கு முன் அங்கு எந்திரப் பொறுப்பில் இருந்தவர்களுள் வால்டர் மக்கர்சி ஸ்மித் (1842–1906) குறிப்பிடத்தக்கவர். அவர் காலத்தில், 1876இல், சரக்கு வண்டிக்கான இரண்டு எஞ்சின்கள் சக்கர அமைப்பு மாற்றப்பட்டுப் பயணிகள் எஞ்சின்களாக அங்கே திருத்திக் கட்டப்பட்டன. சக்கரம் முதலிய உறுப்புகளை வரவழைத்துப் பயணிகள் பெட்டிகளைக் கட்டும் பழக்கமும் அங்கு ஏற்பட்டிருந்தது. ஸ்மித் பின்னர் இங்கிலாந்து திரும்பி, மூன்று உருளைகள் கொண்ட கூட்டு எஞ்சின் அமைப்பால் புகழ் பெற்றார்.

ஆகவே கோபேயின் தொழிலாளர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாக எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிப் பழகியவர்கள். ஓர் எந்திரத்தைப் பழுது பார்ப்பவருக்கு அது எங்கே தேயும், எங்கே விரிசல் விடும் என்பது தெரியும். ஆனால் வெற்றுத் தாளில் தொடங்கி ஓர் எஞ்சினை வரைந்து, ஒவ்வோர் உறுப்பின் அளவையும் கணக்கிட்டு, வார்த்து, கடைந்து, பொருத்தி, தண்டவாளத்தில் நிறுத்துவது வேறு வகை அறிவு. தவறு நேர்ந்தால் அதைச் சரிசெய்ய முன்மாதிரி எதுவும் அங்கு இராது. இந்த இடைவெளியைக் கடக்கவே ட்ரெவிதிக் உதவினார்.

1893: முதல் எஞ்சின்

ட்ரெவிதிக் எளிய வடிவம் ஒன்றைப் படியெடுத்து வேலையை முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே புதுமையாகக் கருதப்பட்ட கூட்டு முறை எஞ்சினைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த எஞ்சின் முன்னே இரண்டு சிறு சக்கரங்கள், நடுவே நான்கு இயக்குசக்கரங்கள், பின்னே இரண்டு சிறு சக்கரங்கள் என்ற அமைப்பைக் கொண்டது. தண்ணீரையும் நிலக்கரியையும் தனி வண்டியில் இழுக்காமல் தன்மீதே சுமந்து செல்லும் ‘டேங்க்’ வகையைச் சேர்ந்தது. முன்னும் பின்னும் ஒரே அமைப்பாக இருப்பதால், பாதையின் முடிவில் திருப்பாமலேயே எதிர்த்திசையில் ஓட்டலாம்.

கட்டுமான வேலையில் ஜப்பானியப் பொறியாளர் மோரி ஹிக்கோசோவும், பணிமனையில் தேர்ந்த ஓட்டா கிச்சிமாட்சுவும் முக்கியப் பங்கு வகித்தனர். 1893இல் எஞ்சின் ஓடத் தொடங்கியது. எண்ணிடும் முறை பின்னாளில் மாற்றப்பட்டபோது அது ‘860 வகை’ என்று பெயர் பெற்றது. வரலாற்று நூல்களில் இன்றும் அப்பெயராலேயே குறிப்பிடப்படுகிறது.

கூட்டு முறை என்பது என்ன?

சாதாரண நீராவி எஞ்சினில் கொதிகலனிலிருந்து வரும் நீராவி உருளைக்குள் புகுந்து, உள்ளிருக்கும் பிஸ்டனைத் தள்ளி, பின் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். அவ்வாறு வெளியேறும் நீராவியில் இன்னும் அழுத்தம் மிச்சமிருக்கும். அது வீணாகிறது.

கரும்பை ஆலையில் ஒருமுறை பிழிந்தபின் சக்கையை மீண்டும் ஒருமுறை கொடுத்துப் பிழிவதைப் போன்றது கூட்டு முறை. நீராவி முதலில் சிறிய உருளையில் உயர் அழுத்தத்துடன் வேலை செய்கிறது. அங்கிருந்து வெளியேறியதும் பெரிய உருளைக்குள் செலுத்தப்பட்டு, குறைந்த அழுத்தத்துடன் மறுமுறை வேலை செய்கிறது. அழுத்தம் குறைந்த நீராவி அதே அளவு விசையைத் தர வேண்டுமானால் அது தள்ளும் பரப்பு அதிகமாக இருக்க வேண்டும். ஆகவேதான் இரண்டாம் உருளை பெரிதாக அமைக்கப்படுகிறது. 860 எஞ்சினில் ஒரு பக்கம் சிறிய உருளையும் மறுபக்கம் பெரிய உருளையும் இருந்தன.

இம்முறையால் இன்னொரு பயனும் உண்டு. ஒரே உருளையில் நீராவி முழுவதும் விரிந்தால் உருளைச் சுவர் மிகவும் குளிர்ந்துவிடும். அடுத்து வரும் சூடான நீராவியின் ஒரு பகுதி அச்சுவரில் பட்டு நீராக மாறி வீணாகும். இரண்டு படிகளாக விரியும்போது இந்த இழப்பு குறைகிறது. இவை அனைத்தாலும் நிலக்கரி மிச்சமாகும். அதே அளவுள்ள சாதாரண எஞ்சின்களோடு ஒப்பிட்டபோது 860 குறைந்த நிலக்கரியிலேயே ஓடியது.

குறைகளும் இல்லாமல் இல்லை. எஞ்சின் நின்றிருக்கும்போது பெரிய உருளையில் நீராவி இராது. சிறிய உருளையின் பிஸ்டன் தள்ள முடியாத நிலையில் நின்றுவிட்டால் வண்டி நகராது. அதற்காக, புறப்படும் நேரத்தில் மட்டும் கொதிகலன் நீராவியை நேரே பெரிய உருளைக்குக் கொடுக்கும் தனி வால்வு தேவைப்படுகிறது. உறுப்புகள் கூடக் கூடப் பராமரிப்பும் கூடும். பின்னாளில் நீராவியை மேலும் சூடாக்கிப் பயன்படுத்தும் மீவெப்ப முறை பரவியபோது, ஜப்பான் கூட்டு முறையைக் கைவிட்டது.

இது உண்மையில் ஜப்பானிய எஞ்சினா?

இக்கேள்வி எழுவது இயல்பே. வடிவமைத்தவர் ஆங்கிலேயர். எஃகுத் தகடுகள், சக்கரங்கள், அச்சுகள் போன்றவை பிரிட்டனிலிருந்து வந்தவை. கோபேயில் நடந்தது வார்ப்பு, கடைசல், பொருத்துதல் ஆகிய வேலைகளே.

ஆனால் 1893இல் ஜப்பானில் பெரிய எஃகு ஆலை எதுவும் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். புகழ்பெற்ற யவாட்டா எஃகு ஆலை இயங்கத் தொடங்கியதே 1901இல்தான். எஃகு கிடைக்கும்வரை காத்திருந்து பின்னர் எஞ்சின் கட்டக் கற்றிருந்தால் மேலும் பல ஆண்டுகள் கழிந்திருக்கும். பொருள் வெளியிலிருந்து வரும் காலத்திலேயே கைத்திறனையும் கணக்கிடும் அறிவையும் பெற்றுக்கொண்டதால், எஃகு உள்நாட்டில் கிடைத்தபோது அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் ஆயத்தமாக இருந்தனர். 860 எஞ்சினை இறக்குமதிக்கும் தன்னிறைவுக்கும் நடுவில் உள்ள ஒரு படி என்று கொள்வதே பொருத்தம்.

தொடர்ந்த பணி

முதல் எஞ்சினோடு வேலை நிற்கவில்லை. அடுத்த ஆண்டுகளில் கோபே பணிமனை மேலும் பல எஞ்சின்களைக் கட்டியது. அவற்றுள் மலைச்சரிவுகளில் சரக்கு இழுக்கும் எட்டு இயக்குசக்கர எஞ்சின்களும் அடங்கும். அந்த வகையைக் கட்டுவது ட்ரெவிதிக் நாடு திரும்பிய பின்னும் தொடர்ந்தது.

இதே காலத்தில் கிழக்கே ஷிம்பாஷியில் தம்பி பிரான்சிஸ் ஹென்றி எந்திரப் பொறுப்பில் இருந்தார். அவர் 1897இல் பணி முடித்துச் சென்றார். அண்ணன் 1904இல் விடைபெற்றார். 1870களில் நூற்றுக்கும் மேல் இருந்த ரயில்வே வெளிநாட்டவரின் எண்ணிக்கை அதற்குள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

அவர் விட்டுச் சென்றவை

இனோவே மசாரு 1893இல் அரசுப் பணியிலிருந்து விலகி, 1896இல் ஓசாகாவில் ரயில் எஞ்சின் கட்டும் தனியார் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் பெயர் பெற்றது ‘230 வகை’ எஞ்சினால். அதன் சக்கர அமைப்பு 860 எஞ்சினுடையதைப் போன்றதே. உருளைகள் மட்டும் சாதாரண முறையில் அமைந்தவை. அவற்றுள் 233ஆம் எண் எஞ்சின் இன்றும் கியோத்தோ ரயில் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1906–07இல் பெரும்பாலான தனியார் பாதைகள் நாட்டுடைமை ஆயின. ஏறத்தாழ 1912க்குப் பின் எஞ்சின்களை மொத்தமாக இறக்குமதி செய்யும் வழக்கம் முடிவுக்கு வந்தது.

மோரி ஹிக்கோசோ ஜப்பானிய மொழியில் எஞ்சின் பொறியியல் பாடநூல் ஒன்றின் இணையாசிரியர் ஆனார். ஆங்கிலத்தில் கேட்டும் அருகில் நின்று பார்த்தும் கற்க வேண்டியிருந்த தொழில், தாய்மொழியில் படித்துக் கற்கும் பாடமாக மாறியது. ஒரு தொழில் ஒரு நாட்டில் வேரூன்றியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

860 எஞ்சின் 1918இல் வடக்கே உள்ள சகாலின் தீவின் ஜப்பானியப் பகுதிக்கு அனுப்பப்பட்டது. அங்கு 1929இல் அதன் வாழ்வு முடிந்தது. முதல் எஞ்சின் என்ற பெருமைக்காக அதை யாரும் பாதுகாக்கவில்லை.

ட்ரெவிதிக் 1913இல் மறைந்தார். அதே ஆண்டில் ஜப்பான் தானே வடிவமைத்த ‘9600 வகை’ சரக்கு எஞ்சின் வெளிவந்தது. அரசு ரயில்வேக்காக அவ்வகையில் 770 எஞ்சின்கள் கட்டப்பட்டன. ஜப்பான் தேசிய ரயில்வேயில் நீராவியின் காலம் முடிந்தபோது, 1976 மார்ச்சில், ஹொக்கைடோவின் ஓய்வாக்கே பணிமனை வளாகத்தில் கடைசியாக வேலை செய்து நின்றதும் 9600 வகை எஞ்சினே.

 பாட்டனார் பெருவுக்கு அனுப்பிய எந்திரங்கள் போர் வந்தபோது சேதமடைந்தன. பேரன் கட்டிய முதல் எஞ்சினும் அழிந்துவிட்டது. ஆனால் அது அழிந்தபோது, அதைவிடச் சிறந்ததைக் கட்டத் தெரிந்தவர்கள் அந்நாட்டில் நிறைந்திருந்தனர்.